யாரும் செய்யலாம் சாட்பாட்: ஒரு கருவிப்பெட்டி பிறந்த கதை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராத்தியர் காலத்துக் கோட்டைகள் 12 சேர்ந்த அந்த வரிசையில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. இனி ஊருக்கு வருகிறவர்களும் கூடுவார்கள், அவர்களுடைய கேள்விகளும் கூடும். கோட்டையின் ராஜகிரி மலை ஏற எத்தனை மணிக்குள் வரணும்? சிங்கவரம் ரங்கநாதர் கோயிலுக்கு எந்தப் பக்கம் போகணும்? அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் எங்கேருந்து கெளம்பும்? இவற்றுக்கெல்லாம் ராத்திரி பத்து மணிக்கும் தமிழில் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டை, செஞ்சியில் உட்கார்ந்தபடியே, மென்பொருளுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கட்டாமல், ஒரு கல்லூரி மாணவி செய்துவிடலாம். அதற்கான கருவிகள் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கின்றன. அவை அப்படிப் பொதுவானதற்குப் பின்னால் அறுபது ஆண்டுக் கதை இருக்கிறது.

1966 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எழுதிய எலைசா என்ற நிரல், தட்டச்சில் பேசுகிறவரோடு மனநல மருத்துவர் போலப் பேசியது. பேச்சில் அம்மா என்ற சொல் வந்தால் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லச் சொல்லும். பிடிபடும் சொல் எதுவும் வராவிட்டால், மேலே பேசும்படி பொதுவாகத் தூண்டிவிடும். வைசன்பாமின் செயலாளரே அதனோடு பேச ஆரம்பித்தபின், தனிமை வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார் என்பது புகழ்பெற்ற கதை. அந்த மயக்கம் வைசன்பாமை உலுக்கியது. பத்து ஆண்டு கழித்து, கணினியிடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

எலைசாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. வைசன்பாம் எந்திரத்தையும் பேச்சையும் தனித்தனியே பிரித்து வைத்தார். சொல்லைப் பிடித்து, வாக்கியத்தை வெட்டி ஒட்டித் திருப்பித் தரும் பொறி ஒரு பக்கம். எந்தச் சொல்லுக்கு எந்தப் பதில் என்று எழுதிய ஏடு இன்னொரு பக்கம். மருத்துவர் என்பது அந்தப் பொறியில் ஏற்றக்கூடிய ஏடுகளில் ஒன்று, அவ்வளவே. செஞ்சிப் பக்கத்துக் கூத்துக் களரி இதற்குப் பொருந்தும்: பந்தலும் மத்தளமும் அதேதான், இன்றைக்குக் கர்ண மோட்சம், நாளைக்குத் திரௌபதி துகில். அதோடு, அந்த மருத்துவர் ஏட்டை வைசன்பாம் ஒளித்துவைக்கவில்லை. கட்டுரையின் பின்னிணைப்பாக முழுவதும் அச்சிட்டார். சாட்பாட் கருவிப்பெட்டி என்ற எண்ணம் பிறந்தது அங்கேதான் என்பேன்.

அடுத்த பெரிய அடியை வைத்தவர் ரிச்சர்ட் வாலஸ். 1995இல் ஆலிஸ் என்ற சாட்பாட்டைத் தொடங்கினார். ஏடு எழுதுவதற்கென்றே ஏஐஎம்எல் என்ற குறிமொழியை வகுத்து, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்னும் குனு பொது உரிமத்தில் விட்டார். உலகெங்குமிருந்து ஆர்வலர்கள் கூடி ஆலிஸின் ஏட்டை வளர்த்தார்கள். மனிதரைப் போலப் பேசும் சாட்பாட்டுக்கான லோப்னர் பரிசை அது 2000, 2001, 2004 ஆண்டுகளில் வாங்கியது. ஆனால் ஒவ்வொரு கேள்வி வடிவத்தையும் கையால் எழுதியாக வேண்டும். விகுதி மேல் விகுதி ஒட்டும் தமிழில் இந்த வேலைக்கு முடிவே கிடையாது.

2016இல் காட்சி மாறியது. மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் பாட் ஃபிரேம்வொர்க்கை அறிவித்து, அதன் கருவித்தொகுப்பின் மூலநிரலை எம்.ஐ.டி. என்ற கட்டற்ற உரிமத்தில் கிட்ஹப் தளத்தில் வைத்தது. ஏப்ரலில் ஃபேஸ்புக் தன் மெசஞ்சரை சாட்பாட்டுகளுக்குத் திறந்துவிட்டது. செய்தியை வாங்குவது, அனுப்புவது, பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்று நினைவில் வைப்பது ஆகிய அலுப்பான வேலைகளைக் கருவித்தொகுப்பு பார்த்துக்கொண்டது. ஆனால் மூளை அதற்குள் இல்லை. கேட்டவர் என்ன சொல்ல வருகிறார் என்று புரிந்துகொள்ளும் பகுதி பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் இருந்தது. அந்த வேலையைச் செய்துவந்த விட்.ஏஐ நிறுவனத்தை 2015இலேயே ஃபேஸ்புக் வாங்கியிருந்தது, ஏபிஐ.ஏஐயை 2016இல் கூகுள் வாங்கியது. ஆக, பெட்டி திறந்திருந்தும், நீங்கள் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் அடுத்தவர் வீட்டுக்குப் போய்த்தான் திரும்பியது.

இதை உடைத்தது பெர்லினில் ஆலன் நிக்கல், அலெக்ஸ் வைடாவர் இருவரும் தொடங்கிய ராசா. 2016 டிசம்பரில் புரிதல் பகுதியைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். அந்த நிறுவனங்களின் சேவையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்டிக்கொள்ளலாம். உங்கள் கணினியிலேயே ஓடும். பேச்சு வெளியே போகாது. மறு ஆண்டே உரையாடலை நடத்திச் செல்லும் பகுதியும் வந்தது.

ராசாவில் வேலை நடக்கும் விதம் எளிது. பஸ் நேரம் கேட்பது ஒரு நோக்கம், கோட்டை திறப்பைக் கேட்பது இன்னொரு நோக்கம். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் கேட்கிற மாதிரியே வாக்கியங்களை எழுதித் தரவேண்டும். ‘திண்டிவனத்துக்கு லாஸ்ட் பஸ் எப்போ’, ‘நைட்டு திண்டிவனம் போக வண்டி இருக்கா’ என்று பல விதமாக. அவற்றில் ஊர்ப்பெயர் எது, நேரம் எது என்று குறித்துவிட்டால், பழக்கப்பட்ட பொறி முன்பின் பார்க்காத வாக்கியத்திலும் அவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்ளும்.

தமிழுக்கு வரும்போதுதான் பாடு. ‘திண்டிவனத்துக்கு’ என்றால் போகிறவர், ‘திண்டிவனத்திலிருந்து’ என்றால் வருகிறவர். பயணத்தின் திசை முழுவதும் சொல்லின் வாலில் இருக்கிறது. சொற்களை இடைவெளி பார்த்துப் பிரிக்கும் பொறிக்கு இவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு சொற்கள். இதற்கு ராசாவிலேயே வழி உண்டு. சொல்லை முழுதாகப் பார்க்காமல் எழுத்துத் துண்டுகளாக நறுக்கிப் பார்க்கச் சொன்னால், தலையில் ஊரும் வாலில் திசையும் தனித்தனியே பிடிபடும். ராசாவில் 2020இல் வந்த டயட் என்ற வகைப்படுத்தி, மொழிக்கென்று முன்பே பயிற்றிய மாதிரி இல்லாமலும், நாம் கொடுக்கும் வாக்கியங்களை மட்டும் வைத்துக் கற்றுக்கொள்ளும். பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத மொழிகளுக்கு இது பெரிய கொடை.

எழுத்திலேயே இன்னொரு சிக்கல். செஞ்சி என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறிகள். அந்தக் குறிகளை நம் எழுத்தாகச் சேர்த்து எண்ணித் தர, முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது. அதுவும் கட்டற்றது. ஊர்ப் பேச்சை மட்டும் ஊர்க்காரர்தான் கொடுக்க முடியும். வேர்க்கடலை விலை என்று பொறிக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாது, இந்தப் பக்கத்தில் கேட்கிறவர் மல்லாட்டை விலை என்றோ மணிலா விலை என்றோ கேட்பார். மூன்றும் ஒன்று என்று எழுதிவைக்க ஒரு வரி போதும். அந்த வரி பெர்லினில் இருப்பவருக்குத் தெரியாது.

சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வுக்குழு இந்தக் கதையில் நமக்கு மிக நெருக்கமான அத்தியாயம். இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் மாதிரிகளை உருவாக்கி மூலத்தோடு வெளியிடுகிறவர்கள். 2023இல் வந்த அவர்களுடைய இண்டிக்டிரான்ஸ்2, அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் மொழிபெயர்க்கிறது. 2024இல் வெளியான இண்டிக்வாய்ஸஸ் தொகுப்புக்கு 145 மாவட்டங்களில் 16,237 பேரின் குரலைத் திரட்டினார்கள். மொத்தம் 7,348 மணி நேரம். இவர்களும் ஓப்பன்ந்யாய் குழுவும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து உருவாக்கிய ஜுகல்பந்தி என்ற சாட்பாட், 2023 ஏப்ரலில் ஹரியானாவின் பிவான் கிராமத்தில் சோதிக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் தன் மொழியில் பேசினால் அரசுத் திட்டங்களைப் பற்றி அதே மொழியில் பதில் வரும். முதலில் 10 மொழிகள், 171 திட்டங்கள். எழுதப் படிக்கத் தயங்குகிறவரும் கேட்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

தாமே வாக்கியம் அமைத்துப் பதில் சொல்லும் பெரிய மொழி மாதிரிகள் வந்தபின் இந்தச் சிறு கருவிகள் எதற்கு என்று கேட்கிறார்கள். மேல்மலையனூருக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு என்று ஒரு பொறி சரளமாகக் கற்பனை செய்து சொன்னால், குழந்தையோடு ஒரு குடும்பம் ராத்திரி பஸ் நிலையத்தில் நிற்கும். பதிலை நாமே எழுதி, பொறியைக் கேள்வியைப் புரிந்துகொள்ள மட்டும் விடுவதே ஒரு ஊருக்கு நல்லது. தெரியாததற்குத் தெரியாது என்று சொல்ல வைக்கலாம், யாரிடம் கேட்கலாம் என்றும் சொல்ல வைக்கலாம்.

நிறுவனங்கள் எதிலும் நெடுநாள் நிற்பதில்லை. 2025 முடிவோடு பாட் ஃபிரேம்வொர்க் கருவித்தொகுப்புக்கு ஆதரவை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ராசா நிறுவனமும் கட்டணப் பதிப்பின் பக்கம் கவனத்தைத் திருப்பிவிட்டது. ஆனால் கட்டற்ற உரிமத்தில் ஒருமுறை வெளியான நிரலைத் திரும்ப வாங்க முடியாது. எடுத்து ஓட்டலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம்.

விழுப்புரம் மாவட்டத்தில் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. செஞ்சிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். பஸ் நிலையத்திலும் மார்க்கெட் கமிட்டியிலும் கோட்டை வாசலிலும் ஜனங்கள் கேட்கும் கேள்விகளை, கேட்ட பேச்சிலேயே, கேட்டவர் பெயரும் போன் நம்பரும் இல்லாமல் எழுதிச் சேருங்கள். சேர்த்ததை நீங்களும் கட்டற்ற உரிமத்திலேயே வெளியிடுங்கள்.