4 தாலர் 16 குரோஷன்

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்து எடுத்த பிறகு, ஆச்சி அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அரிசி தட்டுப்பட்ட நாட்களிலும் பிடி குறையவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். கோயிலை விட்டு விலகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. எரிச்சல் போய்விட்டது. அதற்குள் இருந்த கேள்வி மட்டும் போகவில்லை. ஒருவருடைய விசுவாசத்துக்கு விலை கொடுப்பது யார்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டின் ஒரு ஜெர்மானியப் போதகரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே (1663–1727). அவர் இந்தப் பக்கம் வந்தவரல்ல. ஆனால் தரங்கம்பாடி மிஷனுக்குப் பின்னால் பணமாகவும், ஆளாகவும், அச்செழுத்தாகவும், அதட்டலாகவும் இருந்தது அவருடைய ஹாலே நகரம்தான். நம் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் சீகன்பால்கிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் முன்னால் போனால் ஒரு உண்டியல் இருக்கிறது.

ஃபிராங்கே 1692இல் ஹாலேக்கு வெளியே கிளௌகா என்ற இடத்துக்குப் போதகராக வந்தார். பத்து வருஷத்துக்கு முன் பிளேக் அந்த இடத்தைத் துடைத்துப் போட்டிருந்தது. மிச்சமிருந்தவை வறுமையும் சாராயக் கடைகளும். வியாழக்கிழமைகளில் பிச்சைக்காரர்கள் போதகர் வீட்டு வாசலுக்கு வருவது வழக்கம். ரொட்டியை வாசலில் கொடுத்து அனுப்புவதை நிறுத்தி, அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் ஒரு உண்டியலை மாட்டிவைத்தார். 1695இல் ஈஸ்டர் சமயம் ஒரே ஆள் போட்டிருந்த 4 தாலரும் 16 குரோஷனும் அதில் கிடைத்தன. இது நல்ல முதல், இதை வைத்து உருப்படியாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு தாலருக்குப் புத்தகம் வாங்கினார். ஏழை மாணவன் ஒருவனை வாரம் ஆறு குரோஷனுக்குப் பேசித் தினம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லவைத்தார்.

இதுவரை பக்திப் புத்தகங்களில் வருவதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்தது. 27 புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தவை நான்கு. மற்றவர்கள் புத்தகத்தோடு போனவர்கள் போனவர்கள்தான். விற்றிருப்பார்கள், வேறென்ன? ஃபிராங்கே இதை மறைக்கவில்லை, தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். அதைவிட, அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. மறுபடி புத்தகம் வாங்கினார். ஆனால் இந்தத் தடவை பாடம் முடிந்ததும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். நம்பிக்கையோடு சேர்ந்து ஒரு அலமாரியும் வந்துவிட்டது. விசுவாசம் என்று பேசுகிறவர்கள் இந்த அலமாரியைச் சொல்வதில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

1698இல் அநாதை இல்லத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அவர் இறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட அநாதைகள் அங்கே வளர்ந்துகொண்டிருந்தார்கள். சுற்றியிருந்த பள்ளிகளில் 2000க்கும் அதிகமான பிள்ளைகள் படித்தார்கள். இவ்வளவும் ஜெபத்தால் மட்டும் நடந்தது என்று சொன்னால் அது அரைப் பொய். பிராண்டன்பர்க் அரசரின் வரிச்சலுகை இருந்தது. அச்சகமும் புத்தகக் கடையும் இருந்தன. மருந்துச்சாலை ஒன்று இருந்தது. அதில் தயாரான எஸ்ஸென்ஷியா டல்சிஸ் என்ற திரவம் ஐரோப்பா முழுவதும் விலைபோயிற்று. தங்கம் கரைத்த மருந்தாம். இல்லத்தின் செலவில் நல்ல பங்கைத் தாங்கியது அதுதான். இதைக் கேட்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. மருந்து விற்றுப் பிள்ளைக்குச் சோறு போடுவதில் அவமானம் என்ன?

என்னை உறுத்துவது வேறு. 1701இல் ஃபிராங்கே தன் இல்லத்தின் கதையை ஒரு புத்தகமாக வெளியிட்டார். கையில் காசில்லாத ஒரு காலையில் எதிர்பாராத இடத்திலிருந்து பணம் வந்தது, மறுபடி தீர்ந்தது, மறுபடி வந்தது என்று அது போகிறது. 1705இல் இங்கிலீஷிலும் வந்தது. படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். கடவுளை மட்டும் நம்பியிருந்தேன் என்று ஊரறியச் சொன்ன உடனே அந்த வாக்கியம் ஒரு விண்ணப்பமாகிவிடுகிறது. எழுதுகிறவனுக்கு இது புரியும். எதை எழுதினாலும் அது யாரையோ பார்த்துக் கை நீட்டுகிறது. ஃபிராங்கே பாசாங்குக்காரர் அல்ல. எழுத்தின் சுபாவம் அப்படி.

இந்த இக்கட்டைப் பூரணமாக உணர்ந்தவர் ஒருவர் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்தார். ஜார்ஜ் முல்லர். பிரஷ்யாக்காரர். ஹாலேயில் படித்தபோது, ஏழை இறையியல் மாணவர்களுக்கென்று ஃபிராங்கேயின் இல்லத்தில் விட்டிருந்த இலவச அறையில் இரண்டு மாதம் தங்கியவர். பிறகு இங்கிலாந்து போனார். 1830இல் டெயின்மத் சபையில் தன் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லி, கோயிலில் ஒரு பெட்டியை வைத்தார். மீண்டும் உண்டியல். 1835இல் ஃபிராங்கேயின் வாழ்க்கையை மறுபடி வாசித்ததும் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கத் தீர்மானித்தார். விதி ஒன்றே ஒன்று. எந்த மனிதனிடமும் கேட்கக் கூடாது.

அவர் எழுதிவைத்த ஒரு சம்பவம் எனக்குப் பிடிக்கும். வீடு கேட்டு ஜெபித்தார், பணம் கேட்டு ஜெபித்தார், வேலைக்கு ஆள் கேட்டு ஜெபித்தார். எல்லாம் வந்தன. 1836 பிப்ரவரியில் பிள்ளைகளைச் சேர்க்க மனு வாங்கும் நாளைக் குறித்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம். ஒரு ஆள்கூட வரவில்லை. அநாதைகள் வேண்டும் என்று ஜெபிக்க மறந்துபோனது அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம். லண்டனிலும் பிரிஸ்டலிலும் தெருத்தெருவாக அநாதைகள் கிடந்த காலம் அது. இந்தத் தர்மசங்கடத்தைச் சிரிக்காமல் எழுதியிருக்கிறார். அதனாலேயே நம்பத் தோன்றுகிறது.

வருஷந்தோறும் அறிக்கை வெளியிடுவார். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, பைசா சுத்தமாக. கேட்பதில்லை என்ற விதியோடு இந்த அறிக்கை எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கலாம். அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். 1841 கடைசியில் கையிருப்பு வற்றியிருந்த சமயம். அறிக்கைக்கும் பொதுக் கூட்டத்துக்கும் நாள் வந்துவிட்டது. கஷ்டத்தில் இருக்கும்போது கஷ்டத்தைச் சொன்னால் அது மனிதர்களைப் பார்த்துக் கேட்டதாகிவிடும் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டார். அந்த அறிக்கை 1842இல், பதினேழு மாதக் கணக்காக வெளிவந்தது. எழுதக்கூடிய ஒருவன், எழுதினால் பலன் கிடைக்கும் என்று தெரிந்தே எழுதாமல் இருந்திருக்கிறான். இலக்கிய வரலாறுகளில் இப்படி ஒரு மௌனத்தை நான் சந்தித்ததில்லை.

ஆனால் என் கேள்வி இங்கேயும் விடுகிறதாக இல்லை. கஷ்ட நிலைமையை முல்லர் வெளியாரிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்தவர்களிடம், சேர்ந்து ஜெபிப்பதற்காக, 1838இலிருந்து சொன்னார். அவர்கள் ஜெபித்தார்கள். தங்களிடம் இருந்த சொற்பக் காசையும் போட்டார்கள். தேவையில்லாத சாமான்களை விற்றும் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவும் தவறவில்லை என்று முல்லர் சாட்சி சொல்கிறார். பொய் என்று நான் நினைக்கவில்லை. வாழ்நாளில் 10,000க்கும் அதிகமான அநாதைகளை வளர்த்தவர், சுமார் பதினைந்து லட்சம் பவுன் கைவழியே போனவர், 1898இல் இறந்தபோது விட்டுப்போனது ஏறக்குறைய 160 பவுன். அந்த மனிதரின் நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை. இருந்தாலும் அந்த ஆசிரியைகளின் விற்றுப்போன சாமான்கள் என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறேன்.

இனி தரங்கம்பாடி. பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்ஷௌவும் 1706 ஜூலை 9ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். டென்மார்க் அரசர் அனுப்பியவர்கள் என்றாலும், கோட்டையின் அதிகாரியாக இருந்த ஹாசியஸுக்கு அவர்கள் தொந்தரவாகவே பட்டார்கள். 1707இல் எருசலேம் என்று பெயர் வைத்து முதல் கோயிலைக் கட்டியது பெரும்பாலும் தங்கள் சம்பளத்தில். ஐரோப்பாவிலிருந்து பெரிய தொகையாக வந்த முதல் பணம் 1708இல் கப்பலிலிருந்து கரைக்கு வரும் வழியில் கடலில் மூழ்கிப்போயிற்று. அதே வருஷம் நவம்பரில் ஹாசியஸ் சீகன்பால்கைச் சிறையில் போட்டார். நான்கு மாதம்.

சீகன்பால்கிடம் முல்லரின் சுத்தம் கிடையாது. கேட்டார். கடிதத்துக்கு மேல் கடிதமாகக் கேட்டார். கடன் வாங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, துணி எல்லாம் இலவசம் என்று முதலிலேயே தொடங்கிவிட்டார். ஒரு கடிதம் எழுதிப் பதில் வர ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். பிள்ளைக்குப் பசி அன்றைக்கே வரும். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713இல் வந்தன. அவை பெரியவை, காகிதம் பற்றவில்லை. சின்ன எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு 1714–15இல் அச்சாகியது. பொறையாற்றில் காகிதப் பட்டறை வைத்துப் பார்த்தார்கள். எதையும் விடாமல் பிடித்துத் தொங்குகிற மனிதனின் காரியங்கள் இவை. ஃபிராங்கேயின் அலமாரி இவருக்குச் சரியாகப் புரிந்திருந்தது.

ஹாலேக்கும் இவருக்கும் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை. 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பினார். விக்கிரக மதத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அந்தக் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது ஃபிராங்கேயின் நிலை. கையெழுத்துப் பிரதி அப்படியே கிடந்தது. 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் 1710 முதல் ஹாலேயில் வெட்டித் திருத்தித்தான் பிரசுரமாயின. நன்கொடையாளர் மனம் கோணாத அளவுக்கு. பணம் கொடுப்பவனுக்காக உண்மையைச் சீவுவது பற்றிச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மோசமான அடி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. அங்கே 1714இல் மிஷனை நிர்வகிக்க ஒரு சபை ஏற்பட்டது. அதன் செயலாளராக இருந்தவர் கிறிஸ்டியன் வென்ட். அவரும் பக்திமான்தான், ஹாலே வழியில் நின்றவர்தான். அப்போஸ்தலர்கள் வீடும் பள்ளியும் கோயிலும் கட்டிக்கொண்டா இருந்தார்கள் என்பது அவர் வாதம். மிஷனரி கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராகப் போக வேண்டும், கட்டிடத்துக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பணம் செலவழிப்பது விசுவாசக் குறைவு என்று எழுதினார். வேதத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிப்பது சிரமம். முல்லரும் ஏறக்குறைய அதையேதான் நம்பினார். ஒரு வித்தியாசம். முல்லர் தன் சம்பளத்தை விட்டார். வென்ட் அடுத்தவனுடைய சம்பளத்தை விடச் சொன்னார். கோபன்ஹேகனில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து தரங்கம்பாடிப் பிள்ளையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிடுவது சுலபம். அந்தப் பிள்ளையைத் தினமும் முகம் பார்க்க வேண்டியவனுக்கு அது முடியாது.

புதிய எருசலேம் கோயில் 1718 அக்டோபரில் பிரதிஷ்டையானது. அடுத்த வருஷம் பிப்ரவரி 23ஆம் தேதி சீகன்பால்க் இறந்தார். வயது 36. ஏற்கெனவே வயிற்று நோயாளி. கோபன்ஹேகன் கடிதங்கள்தான் முடித்துவைத்தன என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு கடிதம் ஆளைக் கொல்லுமா என்பது எனக்குத் தெரியாது. பதில் எழுதவும் வேண்டும், எழுதினாலும் பிரயோஜனமில்லை என்ற நிலைமை ஆளை என்ன செய்யும் என்று ஓரளவு தெரியும். கூட இருந்த கிரண்ட்லரும் அடுத்த வருஷம் போய்விட்டார். இரண்டு பேரும் அந்தக் கோயிலுக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வென்ட் வேண்டாமென்று சொன்ன கட்டிடத்தில்.

ஒரு மத்தியானம் அங்கே போயிருந்தேன். உள்ளே யாருமில்லை. கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வரும்போது வாசலருகில் இருந்த பெட்டியில் பத்து ரூபாய் போட்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் விரல்கள் மடங்கவில்லை. பிடி சிறுத்துப்போயிற்று. ஒரு பிடிக்குப் பதில் இரண்டு தடவை அள்ளிப் போடுவாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பானையைச் சாய்த்துப் பார்ப்பது அம்மா. சில ராத்திரிகளில் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, இன்றைக்குப் பசியில்லை என்று படுத்துக்கொள்வாள். அந்தக் கலயத்தைப் பற்றி ஆச்சியோடு நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அம்மாவிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.