ஈ-பாஸ் காலத்து விளையாட்டு

தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாள் 2019 நவம்பர் 22. இனி மாவட்டப் போட்டி என்றால் பாளையங்கோட்டை வரை பஸ் ஏற வேண்டாம், பிள்ளைகளுக்கு அலைச்சல் மிச்சம் என்று சங்கரன்கோவிலில் பலரும் சந்தோஷப்பட்டோம். நாலே மாதம்தான். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்துவிட்டார்கள்.

நம் பக்கம் குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்டில் ஆரம்பிக்கும். 2020, 2021 இரண்டு வருஷமும் அந்த மாதங்களில் பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்தது. 10, 12-ஆம் வகுப்புக்கு 2021 ஜனவரி 19-ல் திறந்தார்கள். மார்ச்சில் மறுபடி மூடல் ஆரம்பித்தது. 9 முதல் 12 வரை செப்டம்பர் 1-ல் திறந்தது. 2022 ஜனவரியில் ஒமிக்ரான். இதில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட யாருக்கு நேரம்?

கோவில்பட்டி இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஹாக்கிக்குப் பேர் போன ஊர். ஆனால் அது தூத்துக்குடி மாவட்டம். 2020 ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் 31 வரை மாவட்ட எல்லையைத் தாண்ட ஈ-பாஸ் வேண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாஸ் கேட்கலாம், பந்து அடிக்கப் போகிறேன் என்று கேட்க முடியுமா?

எங்கள் தெருவில் ஒரு பையன், கபடியில் கெட்டி. அப்பா விசைத்தறித் தொழிலாளி. வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றதும் வாசலில் தகரம் அடித்து 14 நாள் அடைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை சான்றிதழ். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் உண்டு. சான்றிதழ் இல்லாமல் கிட்டே போக முடியாது. "ரெண்டு வருஷம் போட்டியே நடக்கலைன்னு யாராவது எழுதித் தருவாங்களா சார்?" என்று அவன் அப்பா என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., 2020 மார்ச் 30-லேயே, பருவத்தை இழந்த மாணவர்களுக்கு இன்னொரு வருஷம் ஆட அனுமதி கொடுத்தது. நம் பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுப் பிரிவுகள். பிறந்த தேதிதான் கணக்கு. தேதி ஊரடங்குக்காகக் காத்திருக்காது.

பெரிய ஆட்டங்களுக்கும் அடி விழுந்தது. 1934-ல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பை 2020-21-ல் முதல் தடவையாக நடக்கவில்லை. ஐ.பி.எல். மட்டும் எமிரேட்ஸுக்குப் போய் 'பயோ பபுள்' கட்டி ஆடி முடித்தது. காசு உள்ள ஆட்டம்!

நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலு டோக்கியோ பாராலிம்பிக்கில் கொடி ஏந்த வேண்டியவர். விமானத்தில் கூட வந்த ஒருவருக்குத் தொற்று, இவரைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். இவருக்குத் தொற்று இல்லை, ஆனாலும் 2021 ஆகஸ்ட் 24-ல் கொடியை ஏந்தியது டேக் சந்த். ஒரு வாரம் கழித்து 1.86 மீட்டர் தாண்டி மாரியப்பன் வெள்ளி வாங்கினார்.

2021 டிசம்பரில் கோவில்பட்டியில் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கி நடந்தது. பள்ளிகளுக்கான 66-வது தேசியப் போட்டி வந்தது 2023 ஜூனில்தான். அதற்குள் எங்கள் தெருப் பையனுக்கு 19 தாண்டிவிட்டது. அப்பாவோடு தறிக்குப் போகிறான்.