குறவஞ்சி மேடும் சாகித்திய அகாதெமியும்

தென்காசியை ஒட்டிக் குற்றாலத்தை நோக்கிச் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் உள்ளது. திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர், அந்நூலைப் பாராட்டிக் கவிராயருக்கு நிலம் வழங்கினார் என்றும், அந்நிலமே ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது என்றும் இலக்கிய வரலாறு கூறுகிறது. இப்பகுதியில் ஓர் இலக்கிய நூலுக்கு அரசு அளித்த பெரும் பரிசு என்று அதனைச் சொல்லலாம்.

அந்நூலில் மலைவளம் பாடுபவள் குறத்தி. குறி சொல்பவளும் அவளே. பறவை பிடிக்கப் போய், பிறகு அவளைத் தேடி அலைபவன் சிங்கன். நிலத்தின் பெயரிலும் குறவஞ்சி இருக்கிறாள். பட்டா மட்டும் அவளுக்கு இல்லை. கவிராயரின் புலமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அப்பாட்டு கல்லூரிப் பாடமாகிய அதே காலத்தில் பாடப்பட்டவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. குறவர் குழுக்கள் பல அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனக் கருதப்பட்டுக் காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்க வேண்டியவர்கள் ஆயினர். இன்று தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுள் குறவரும் அடங்குவர்.

யாரைப் பற்றி எழுதப்படுகிறது, யாருக்குப் பரிசு போகிறது என்ற இந்த இடைவெளியை மனத்தில் கொண்டு சாகித்திய அகாதெமி விருதின் வரலாற்றைப் பார்ப்போம்.

அகாதெமி 1954இல் தொடங்கப்பட்டது. விருதுகள் 1955 முதல் வழங்கப்படுகின்றன. தமிழுக்கான முதல் விருதைப் பெற்றவர் நெல்லைச் சீமையின் இராசவல்லிபுரத்தைச் சேர்ந்த ரா. பி. சேதுப்பிள்ளை, நூல் ‘தமிழின்பம்’. இப்போது 24 மொழிகளுக்கு விருது உண்டு. பரிசுத்தொகை ஓர் இலட்சம் ரூபாய். முதற்பட்டியல், அதன் மீதான பரிந்துரைகள், இறுதியாக மூவர் கொண்ட நடுவர் குழு என்ற படிகளைக் கடந்து நூல் தேர்வாகிறது. நூல் அண்மைய ஐந்தாண்டு வரம்புக்குள் முதற்பதிப்பாக வெளிவந்திருக்க வேண்டும். பார்வைக்கு எளிய நிர்வாக விதியாகத் தெரியும் இந்த ஐந்தாண்டு வரம்புதான் நம் கவலையின் மையம்.

மராத்தியில் நடந்ததைக் காண்க. இலட்சுமண் மானே தம் தன்வரலாறான ‘உபரா’வுக்காக 1981இல் விருது பெற்றார். அவர் கைகாடி சமூகத்தவர். கூடை முடைந்து ஊர் ஊராக அலையும் அச்சமூகம், மொழியாலும் தொழிலாலும் நம் குறவர்க்கு நெருங்கிய உறவுடையது. 1988இல் இலட்சுமண் கெய்க்வாட் ‘உசல்யா’வுக்காகப் பெற்றார். அவரும் குற்றப் பரம்பரை என முத்திரை குத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவரே. சிங்கனின் உறவினன் தன் கதையைத் தானே எழுதினான். எழுதிய சூடு ஆறுமுன் விருது வந்தது. கன்னடத்தில் தேவனூர் மகாதேவாவின் ‘குசுமபாலே’ 1990இல் விருது பெற்றது. இம்மூன்றிலும் சாதியின் காயத்தை நேர்நின்று பேசிய நூலுக்கே விருது சென்றது.

தமிழில் நிலை வேறு. ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்த எழுத்தாளர் மூவரை எடுத்துக்கொள்வோம். பூமணியின் ‘பிறகு’ 1979இல் வெளிவந்தது. அழகிரி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வாழ்க்கையைத் தமிழ் நாவலின் நடுவில் வைத்தது. விருது 2014இல், ‘அஞ்ஞாடி’க்கு. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. தலித்துகளுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் சமூகத்தின் அவலத்தை எழுதியது. விருது 2020இல், ‘செல்லாத பண’த்துக்கு, அது தீக்காயச் சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒரு பெண்ணையும் அவள் குடும்பத்தையும் பற்றியது. சோ. தர்மனின் ‘கூகை’ 2005இல் வந்தது. விருது 2019இல், கண்மாயின் அழிவைச் சொல்லும் ‘சூல்’ நாவலுக்கு.

விருது பெற்ற நூல்கள் தகுதியற்றவை என்று நாம் கூறவில்லை. 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம் வரை விரியும் ‘அஞ்ஞாடி’யில் சாதி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. எனினும் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. சாதியை நேரடியாகக் கீறிப் பார்த்த முதல் நூல் வெளியாகும்போது அமைதி. அது விவாதிக்கப்பட்டு, பாடமாகி, மொழிபெயர்க்கப்படும் வேளையில் ஐந்தாண்டு வரம்பு மூடிவிடுகிறது. பிறகு ஆசிரியரைத் தவிர்க்க முடியாத நிலையில் வேறொரு நூலுக்கு விருது வருகிறது. எழுத்தாளர் அங்கீகரிக்கப்படுகிறார், அந்த நூல் வெளியிலேயே நிற்கிறது.

நம் வாதத்துக்கு எதிரான சான்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. நெல்லை மாவட்டத்தில் பிறந்த டி. செல்வராஜ் 2012இல் விருது பெற்றது, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றிய ‘தோல்’ நாவலுக்கு. ஆனால் அவருடைய ‘மலரும் சருகும்’ வெளிவந்தது 1967இல். இடையில் 45 ஆண்டுகள்.

மற்றொரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். பூமணி, சோ. தர்மன், இமையம் ஆகிய மூவருமே ‘தலித் எழுத்தாளர்’ என்ற அடைமொழியை ஏற்காதவர்கள். அவர்களை அவ்வாறு எண்ணிக்கை காட்டுவது முறையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தம்மை எப்படி அழைக்க வேண்டும் என்பது அவரவர் உரிமை. நாம் கணக்கிடுவது ஆசிரியர்களை அன்று, எந்த நூல்கள் எப்போது பொருட்படுத்தப்பட்டன என்பதையே.

பெண்களின் நிலையைச் சொல்ல அதிக இடம் தேவைப்படாது. 2024 வரை தமிழுக்கான இவ்விருதைப் பெற்ற பெண்கள் ராஜம் கிருஷ்ணன், லட்சுமி, திலகவதி, அம்பை ஆகிய நால்வர். தலித் பெண் எவரும் இல்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது; அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2001இல் கிராஸ்வேர்டு விருது பெற்றது. தமிழில் எழுதிய நூல் ஆங்கிலத்துக்குப் போய்ப் பரிசு வாங்கி வந்தது!

விருதை மறுத்தவர்களும் இவ்வரலாற்றில் உண்டு. ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்காக, மறைந்த கவிஞர் இன்குலாபுக்கு 2017இல் அறிவிக்கப்பட்ட விருதை அவருடைய குடும்பத்தார் ஏற்கவில்லை. அகாதெமி விருதாளரான எம். எம். கல்புர்கி 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து எழுத்தாளர் பலர் விருதுகளைத் திருப்பியளித்தனர். தேவனூர் மகாதேவாவும் அவர்களுள் ஒருவர். மறுப்பதும் திருப்புவதும் வலிமையான செயல்கள்தாம். ஆயினும் கையில் வந்தால்தானே திருப்பிக் கொடுக்க முடியும்?

மீண்டும் தென்காசிக்கு வருவோம். இம்மாவட்டம் 2019 நவம்பரில் உருவானது. தென்காசி மக்களவைத் தொகுதியும், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் பெருந்திரளான தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதைப் பற்றிப் பேசியது. தலைவர்கள் வந்தார்கள், செய்தியாளர்கள் வந்தார்கள். அவ்வூர் அனுபவத்தை அடியொற்றி அன்வர் பாலசிங்கம் ‘கருப்பாயி என்கிற நூர்ஜஹான்’ என்னும் நாவலை எழுதினார். மதம் மாறிய பின்னும் மண உறவு என்று வரும்போது பழைய சாதி வாசலில் வந்து நிற்பதை அந்நாவல் பேசியது. இரு தரப்பாருக்கும் உவப்பில்லாத உண்மை அது.

குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்கினால் அருவிக்கரையில் நிற்க இடம் இருக்காது. வரும் மாணவர்களுள் பெரும்பாலோர் குறவஞ்சியின் மலைவளத்தைப் பாடத்தில் படித்தவர்கள். அருவியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள மீனாட்சிபுரத்தைப் பற்றிய நாவலை அவர்களுள் எத்தனை பேர் கையில் எடுத்திருப்பார்கள் என்று நாம் ஊகிக்க விரும்பவில்லை. அந்நூலுக்குரிய ஐந்தாண்டு வரம்பும் எப்போதோ முடிந்துவிட்டது.