வெள்ளியின் நுண்ணுயிர் எதிர்ப்புத் தன்மை

வெள்ளியின் நுண்ணுயிர் எதிர்ப்புத் தன்மை என்பது, வெள்ளியிலிருந்து மிகச் சிறிய அளவில் வெளிப்படும் வெள்ளி அயனிகள் பாக்டீரியா, பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகளைக் கொல்லும் அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் பண்பாகும். உலோகங்கள் இவ்வாறு மிகக் குறைந்த செறிவிலேயே உயிரணுக்களுக்கு நஞ்சாவதைச் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் வில்லெம் வொன் நேகலி ஆராய்ந்து, அதற்கு ஒலிகோடைனமிக் விளைவு எனப் பெயரிட்டார். அவ்வாய்வு அவர் மறைந்த பின்னர் 1893இல் வெளியானது. செம்புக்கும் இப்பண்பு உண்டு.

செயற்படும் முறை

ஈரம் படும்போது வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து கரையும் அயனிகளே நுண்ணுயிரிகளைத் தாக்குகின்றன. இவை புரதங்களில் உள்ள, கந்தகம் கொண்ட தயோல் தொகுதிகளுடன் இறுகப் பிணைவதால், பாக்டீரியாவின் சுவாச நொதியங்கள் செயலிழக்கின்றன. உயிரணு மென்சவ்வும் சிதைகிறது. பிற புரதங்களும் குளோரைடும் மிகுந்த இடத்தில் அயனிகள் அவற்றுடன் சேர்ந்து வீணாகிவிடும். ஆகவே வெள்ளிப் பாலாடையில் ஊற்றிய பால் அதனாலேயே தூய்மையாகிவிடுவதில்லை. பாலாடையைக் கொதிநீரில் கழுவுவது தேவையே.

வைரசுகளைப் பொறுத்தவரை சான்றுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில் நிற்கின்றன. 1 முதல் 10 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்கள் எச்.ஐ.வி. வைரசின் மேற்பரப்பில் ஒட்டி, அது உயிரணுவுடன் இணைவதைத் தடுப்பதாக 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. சோதனைக் குழாயில் பெற்ற இம்முடிவை உடலுக்குள்ளும் நிகழ்வதாகக் கொள்ளவியலாது.

மருத்துவப் பயன்பாடு

பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றும் மேகவெட்டை நோய்க் கிருமி, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எண்ணற்ற குழந்தைகளின் பார்வையைப் பறித்தது. செருமனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே, 1880இல் பிறந்த குழந்தைகளின் கண்களில் 2 விழுக்காட்டு வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலை ஒரு துளி விடும் முறையைக் கொண்டுவந்தார். அவரது மருத்துவமனையில் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த இந்நோய் 1 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. கரைசல் கண்ணில் எரிச்சலும் வீக்கமும் உண்டாக்கியதால், பின்னாளில் எரித்ரோமைசின் போன்ற களிம்புகள் அதன் இடத்தைப் பிடித்தன.

தீக்காயங்களுக்கான சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை அமெரிக்காவின் சார்லசு பாக்சு 1968இல் அறிமுகப்படுத்தினார். இது தொற்றைத் தடுத்தாலும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. வெள்ளிக்குக் கிருமிகள் பழகுவதில்லை என்ற கருத்தும் சரியன்று. வெள்ளி நைத்திரேட்டை எதிர்த்து வாழும் சால்மொனெல்லா, பாசுடன் நகரின் தீக்காயப் பிரிவொன்றில் கண்டறியப்பட்டது 1975இலேயே பதிவாகியுள்ளது.

குடிநீரும் உட்கொள்ளலும்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உருசியப் பகுதியில் குடிநீர் வெள்ளி அயனிகளால் காக்கப்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் வெள்ளி நானோதுகள்கள் பொதிந்த மலிவான நீர் வடிகட்டிப் பொருளை உருவாக்கி 2013இல் வெளியிட்டனர். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருப்பது ஏற்கத்தக்கது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு.

கூழ்ம வெள்ளியை மருந்தாகப் பருகுவது வேறு. அது எந்த நோயையும் தீர்ப்பதாக நிறுவப்படவில்லை. நெடுநாள் உட்கொண்டால் வெள்ளி தோலில் படிந்து உடல் நீலச் சாம்பல் நிறமாகும். ஆர்சிரியா எனப்படும் இந்நிறமாற்றம் பெரும்பாலும் மறைவதே இல்லை. இவ்வகை மருந்துகள் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்கப்படவில்லை என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இல் அறிவித்தது. கொரோனாவுக்கு மருந்தென இதனை விற்றோருக்கு 2020இல் எச்சரிக்கைக் கடிதங்களும் அனுப்பியது.