வக்கீல் கோட்டைவிட்ட விபத்து வழக்கு... இழப்பீடு யார் தருவது? இங்கிலாந்து சட்டம் சொல்வது என்ன?

இங்கிலாந்தில் விபத்தில் காயமடைந்தவர் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். கேஸை எடுத்த சொலிசிட்டர், அதாவது அங்கே வழக்கைத் தயார் செய்யும் வக்கீல், கெடுவைத் தவறவிட்டால்? அந்த சொலிசிட்டர் மீதே வழக்குப் போடலாம்.

முழுத் தொகையும் கிடைச்சிடுமா? அங்கேதான் சிக்கல். நடக்காத வழக்கில் ஜெயித்திருப்பாரா என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் கோர்ட், கைநழுவிய 'வாய்ப்பு'க்குத்தான் விலை போடும்.

1945-ல் விமானப்படை வீரர் ஒருவர் வீட்டில் மின்சாரம் தாக்கி இறந்தார். இறப்பு வழக்குக்கு அப்போது கெடு 12 மாதம்தான். அவர் மனைவியின் சொலிசிட்டர்கள் அதைக் கோட்டைவிட்டார்கள். முழுசா ஜெயித்திருந்தால் 3,000 பவுண்டு. கோர்ட் கொடுக்கச் சொன்னது 2,000. கணவரை இழந்தவருக்கு இது குறைவாகத் தோன்றலாம். ஆனா அந்த வழக்கு தோற்கவும் வாய்ப்பு இருந்ததே!

இன்னொரு கண்டிஷனும் உண்டு. சரியான ஆலோசனை கிடைத்திருந்தால் நேர்மையான கோரிக்கை வைத்திருப்பேன் என்பதை கட்சிக்காரர் நிரூபிக்கணும். இதில் பாதி வாய்ப்பு, கால் வாய்ப்பு கணக்கு செல்லாது. முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இதை நிரூபிக்க முடியாமல் 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

சொலிசிட்டர் நிறுவனங்களுக்கு அங்கே காப்பீடு கட்டாயம். அதனால் பணம் பெரும்பாலும் இன்சூரன்ஸில் இருந்துதான் வரும். ஆனா சொலிசிட்டர் மீது வழக்குப் போடவும் கெடு இருக்கு: பொதுவாக 6 ஆண்டுகள்.