பாஸ்புக்கில் இருக்கும் மாவட்டம்

அஞ்செட்டிப் பக்கத்து டிரங்குப் பெட்டிகளில் அதியமான் கிராம வங்கியின் பாஸ்புக் ஒன்று இன்னமும் கிடைக்கலாம். வங்கிதான் இல்லை. 2006இல் அது வள்ளலார் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கி ஆனது. 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவனும் பாண்டியனும் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டார்கள். (நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்துவிட்டவன் பெயரில் இருந்த வங்கி, ஆயுள் கம்மியாகத்தானே போகும்!) நடுவில் 2004இல் மாவட்டமே தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி ஆனது. பிறகு தேன்கனிக்கோட்டையிலிருந்து பிரிந்து அஞ்செட்டியும் தனித் தாலுகா ஆனது. முதல் பக்கத்தில் இருக்கும் வங்கி, மாவட்டம், வட்டம் மூன்றும் இன்று மாறிவிட்டன. உள்ளே இருக்கும் பணம் மட்டும் செல்லும்.

சட்டம் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருக்கிறது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு. பத்து வருஷம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகும். 2014இல் வந்த ஏற்பாடு இது. போனாலும் உரிமை போகாது. கெடு எதுவும் இல்லை. கணக்கு வைத்தவரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் வங்கியிடம் கேட்கலாம். வங்கி கொடுத்துவிட்டு, அந்த நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். சேமிப்புக் கணக்கென்றால் வட்டியும் உண்டு, 2021 மே முதல் 3 சதவீதம்.

பொதுத்துறை வங்கிகள் மட்டும் 2023 பிப்ரவரி வரை இப்படி அனுப்பியது 35,012 கோடி ரூபாய், 10.24 கோடி கணக்குகளிலிருந்து. வகுத்துப் பார்த்தால் கணக்குக்குச் சராசரி 3,400 ரூபாய் சொச்சம். மறந்துபோன பணக்காரர்களின் பணம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

2023 ஆகஸ்ட்டில் தேடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி உத்கம் தளத்தைத் திறந்தது. பெயர் அடித்து, பான், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி என்று ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் முகவரி. இங்கேதான் என் தொழில் புத்தி முழித்துக்கொள்கிறது. அஞ்செட்டியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும். மாதேஸ்வரன் மலை பக்கத்திலேயே இருப்பதால் மாதப்பாவும் மாதம்மாவும் ஊருக்குப் பத்துப் பேர். மாதப்பா, மாதப்பன், மாதையன் எல்லாம் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம். கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர் ஆங்கிலத்தில் 'டி' போட்டாரா, 'டிஹெச்' போட்டாரா, 'டிஎச்'சுக்குப் பதில் 'டிடி' போட்டாரா என்பது அவரவர் ஊர்ப் பழக்கம். பிறந்த தேதியோ பாதிப் பேருக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வைத்ததுதான். ஆதாரில் ஒரு எழுத்து, லெட்ஜரில் ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு பேர்.

தனி ஆள் கதையாவது இதோடு முடியும். குழுக் கணக்குகள் இருக்கின்றன. 1989இல் ஐஃபாட் எனும் ஐ.நா. அமைப்பின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதலில் தொடங்கியது பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். தமிழ்நாட்டு சுய உதவிக் குழுக்களின் கதையே அங்கிருந்து ஆரம்பிக்கிறது. வாரம் அஞ்சு, பத்து என்று சேர்த்த காசு குழுவின் பெயரில் வங்கிக்குப் போகும். ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போடுவார்கள். குழு கலைந்தால்? ஒருத்தி கல்யாணமாகி ஆனேக்கல் போயிருப்பாள், ஒருத்தி ஓசூரில் கம்பெனி வேலைக்கு. கையெழுத்துப் போட்ட அக்கா உயிரோடு இல்லையென்றால், கணக்குக்கு வாரிசு யார்? மகனா, மீதி உறுப்பினர்களா? தனி ஆளுக்கு என்றால் நாமினி இருக்கிறார், இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. குழுவுக்குத் தேவை தீர்மானப் புத்தகம். அதில் இருபது பேர் கையெழுத்தோ, கைநாட்டோ இருக்கும். புத்தகம் எந்த வீட்டு அட்டத்தில் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தேடல் தளத்தில் 2024 வரை சேர்ந்தவை 30 வங்கிகள். கேட்பாரற்ற தொகையில் சுமார் 90 சதவீதம் அவற்றுக்குள் அடங்கிவிடும் என்கிறது ரிசர்வ் வங்கி. ரூபாய்க் கணக்கில் அது பெரிய சாதனை. மீதிப் பத்து சதவீதத்துக்கு அந்தந்த வங்கியின் தளத்திலேயே பட்டியல் இருக்க வேண்டும். பழைய பாஸ்புக் வைத்திருப்பவர் அதியமான் என்று தேடக் கூடாது, தமிழ்நாடு கிராம வங்கி என்று தேட வேண்டும். இதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.