மெத்தைக்குள் தங்கிய தண்ணீர்

மரத்தளம் என்றால் நமக்கு ஹாலிவுட் படம்தான் ஞாபகம் வரும். நம்மூர் தரை சாணம், ரெட் ஆக்சைடு, கடப்பா கல், கடைசியில் டைல்ஸ். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பழைய தெருக்களில் மரத்தளம் உண்டு, தலைக்கு மேலே. பொறியாளர்கள் அதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள், எங்கள் பக்கம் மெத்தை வீடு. தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, மெல்லிய செங்கற்களைக் கோணவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். அதற்கும் மேலே தட்டோடு. கீழே படுப்பவனுக்குக் கூரை, மேலே நடப்பவனுக்குத் தரை. 19ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு இன்னும் பல வீடுகளைத் தாங்குகிறது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு மணி நேரத் தொலைவில் புதுச்சேரியின் மேரி கட்டிடம் இருந்தது. 1870களின் தொடக்கத்தில் கட்டிய நகர மண்டபம். 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. எல்லோரும் மழையைத்தான் திட்டினார்கள். நூற்றி நாற்பது வருஷ மழையைப் பார்த்த கட்டிடம் அது. பராமரிப்பில்லாமல் கிடந்த வருஷங்களை யாரும் எண்ணவில்லை. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள்.

மரம் நனைவதால் மட்டும் சாவதில்லை. கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை தண்ணீரிலேயே கிடந்து தலைமுறைகளைத் தாண்டும், ஏனென்றால் அங்கே பூஞ்சைக்குக் காற்று இல்லை. எப்போதும் காய்ந்திருக்கும் கட்டைக்கும் பயமில்லை. ஆபத்து இரண்டுக்கும் நடுவில். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால், பூஞ்சை குடியேறிவிடும். இன்னொன்று, மரம் நீளவாட்டில் கிட்டத்தட்ட நீள்வதே இல்லை. அகலவாட்டில்தான் உப்பும்.

இந்த உப்பலை நான் முதலில் பார்த்தது நியூ ஜெர்சியில், ஆன்சைட் வேலைக்குப் போயிருந்தபோது. வாடகை வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் ஒழுகி, ஓக் பலகைகளின் விளிம்புகள் எழும்பி நடு பள்ளமாகிவிட்டது, நாட்டு ஓட்டை மல்லாத்திப் போட்ட மாதிரி. அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிந்திருக்கிறது, மேல்பக்கம் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம். உடனே இழைத்துச் சமன்செய்யலாமே என்றேன். பழுதுபார்க்க வந்தவர் சிரித்தார். இப்போது விளிம்பைச் சீவினால், பிறகு அடிப்பக்கம் காய்ந்து சுருங்கும்போது நடுப்பகுதி மேடாக நிற்கும், அதாவது ஓடு கவிழ்ந்துவிடும். மின்விசிறி, ஈரம் உறிஞ்சும் மெஷின், ஈரப்பதம் அளக்கும் கருவி மூன்றையும் வைத்துவிட்டுப் போனார். மீதியெல்லாம் பொறுமை. ரிலீஸ் தேதி வைத்தே வாழ்கிறவனுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை பெருகி, அரசூர் பக்கம் நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. புளியங்காடு என்று பெயர் வாங்கிய திண்டிவனத்தில் எங்கள் பெரியப்பாவின் மெத்தை வீடு ஒரு வாரம் சொட்டியது. இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்றார் ஒரு மேஸ்திரி. மேலே தார் ஷீட், கீழே சிமென்ட் பூச்சு, முடிந்தது என்றார் இன்னொருவர். இரண்டாவது யோசனைதான் மோசம். மேலும் கீழும் அடைத்துவிட்டால், ஈரம் கட்டையோடு சேர்ந்து சிறைப்படும். சுண்ணாம்புத் தளம் நனைந்தாலும் மூச்சுவிட்டுக் காய்கிறது, அதைப் பிளாஸ்டிக் பை மாதிரி மூடுவது பழைய வீட்டுக்குச் செய்யும் துரோகம் என்பேன்.

கடைசியில் வந்த வயதான ஆசாரி கட்டை கட்டையாகச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். கணீரென்றால் விட்டுவிடுவார், மொத்தென்றால் திருப்புளியால் குத்திப் பார்ப்பார். “தம்பி, கட்ட நடுவுல ஒண்ணும் ஆகல. செவுத்துக்குள்ள போன முனைதான் போயிருக்கு.” அதுதான் நடக்கும். வெட்டுமுனை ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும், சுவருக்குள் காற்றும் கிடையாது. பதினேழு கட்டைகளில் மூன்றுக்குத்தான் முனை மக்கியிருந்தது.

தை, மாசி முழுக்க ஜன்னல்களைத் திறந்தே வைத்தோம். முட்டுக் கொடுத்து நின்ற கூடத்தில் பெரியம்மா கட்டில் போடவே இல்லை. பங்குனியில் மக்கிய முனையை நல்ல மரம் வரும்வரை வெட்டி, பழைய தேக்கையே ஒட்டுப் போட்டு, போரிக் அமிலக் கரைசல் பூசி, இரும்புப் பட்டை முடுக்கினார் ஆசாரி. சுவர் ஓட்டையில் கட்டையைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி விட்டார். மேலே விரிந்திருந்த தட்டோட்டை மட்டும் மாற்றி, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் கலந்து இடுக்கை அடைத்தார்கள். கூலியை வாங்கிக்கொண்டே, மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருந்த அரச இலைகளை அள்ளிப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.